பங்கு போட்டால் பெருகும் குற்றம்

நேற்று வக்கீல் சங்க அறையில் இளம் வக்கீல்கள் நீங்கள் போட்ட சத்தம் வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டது. சில நாடுகளில் கஞ்சாவைக் கடையில் வைத்து வரி போட்டு விற்கிறார்களாம், இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். கையில் வைத்திருந்தாலே ஆயுசுக்கும் உள்ளே போடவேண்டும் என்று எதிரில் இருந்த தங்கை சொன்னார். நடுவில் ஒருவர் புகுந்து, குடிக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி, விற்கிறவனுக்கு ஜெயில் என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். பிரிப்பது அவ்வளவு சுலபமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மழை வந்துவிட்டது, எல்லாரும் வண்டியை எடுக்க ஓடிவிட்டீர்கள். அதனால் எழுதித் தருகிறேன்.

எனக்குப் பட்டம் கிடையாது. நான் வக்கீல் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்ட படிப்பைக் கேஸ் கட்டு தூக்கிக்கொண்டு கோர்ட்டில் அலைந்தபோதுதான் முடித்தேன். சட்டப் புத்தகத்தைவிட அங்கே வந்த ஜனங்கள் பேசிய பேச்சுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது. நிலத் தகராறில் தோற்றுப்போன ஒருவர், "தீர்ப்பு எனக்குப் புரியல சார், ஆனா என் பங்காளி சிரிச்சது புரிஞ்சுது" என்றார். அதைவிடச் சுருக்கமாக எந்தத் தீர்ப்பையும் நான் கேட்டதில்லை.

எழுபதுகளில் கோர்ட் கடற்கரைப் பக்கம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று வந்து கட்டுகளைக் கலைக்கும். மேசை தவறாமல் கூழாங்கல் இருக்கும். பெயர் கூப்பிடும் டவாலியின் குரலும் அலைச் சத்தமும் சேர்ந்து வருவதால் பாதிப் பேர் தன் பெயர்தானோ என்று எழுந்து நிற்பார்கள். வாசலில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் நிழல் எங்கே நகர்கிறதோ அங்கே நகர்ந்து நிற்பார். இப்போது கடலூர் சாலையில் பெரிய கட்டடம், மின்விசிறி எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மணிலாக்கொட்டை தின்ற சுகம் எனக்கு அப்புறம் எங்கேயும் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில் கஞ்சா கேஸ் என்றால் சில்லறைக் கேஸ். முடி வளர்த்த வெள்ளைக்காரப் பசங்கள் வருவார்கள், ரிக்‌ஷாக்காரர் வருவார், கோயில் திருவிழாவுக்கு வந்த சாமியார் வருவார். எல்லாருக்கும் ஒரே வழக்கம்தான். ஒத்துக்கொள், அபராதம் கட்டு, கிளம்பு. வக்கீல் வைத்தால் அவருடைய பீஸ் அபராதத்தைவிட அதிகமாகும் என்பதால் யாரும் வைக்க மாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்கள்.

அப்படி வந்து போகிறவர்களில் ஒருவர்தான் சொல்தா சவரிமுத்து. சொல்தா என்றால் நம் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சைகோன் பக்கம் சண்டை போட்டு, ஒரு காலில் நொண்டலோடு திரும்பியவர். ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சு வழக்கப்படி முசே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவரோடு அதே பட்டாளத்தில் இருந்த மூன்று பேர் ஊரில் இருந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவருக்குக் காது மந்தம், ஒருவர் எப்போதும் இருமுவார். நான்கு பேரும் சாயங்காலம் மைதானத்து மரத்தடியில் பெத்தாங் ஆடுவார்கள். இரும்புக் குண்டைச் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் போடுகிற ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு நாலு இழுப்பு. காலில் வலி, நெஞ்சில் வலி, தூக்கம் வராது, எல்லாவற்றுக்கும் அதுதான் என்பார்கள். வாரம் ஒருவர் முறை வைத்து வாங்கிவருவது பட்டாளத்திலிருந்து தொடர்ந்த பழக்கம். யாருடைய முறையில் யார் மாட்டினாலும் அபராதத்தை நான்கு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதுவும் பட்டாளத்துப் பழக்கம்தான்.

மாட்டுவது பெரும்பாலும் சவரிமுத்துதான். நொண்டிக்கொண்டு ஓட முடியாது அல்லவா. கோர்ட்டுக்கு வருகிற அன்று வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவார். மற்ற மூவரும் துணைக்கு வந்து கடைசி பெஞ்சில் வரிசையாக உட்காருவார்கள். அவர் மனைவி மதலேன் அம்மா நான்கு பேருக்கும் சேர்த்து அடுக்குச் சட்டியில் சாப்பாடு எடுத்து வருவார். அபராதம் கட்டியதும் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். "மத்த பொம்பளைங்கள புருஷன் மகாபலிபுரம் கூட்டிட்டுப் போறான், என்னை வருஷாவருஷம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வரான்" என்பார் மதலேன் அம்மா. எனக்கும் ஒரு மீன் துண்டு கிடைக்கும்.

எண்பதுகளில் ஊரின் முகம் மாறியது. சந்துகளில் பவுடர் என்ற பேச்சு வந்தது. காகிதத்தில் மடித்த பழுப்புப் பொடி. நான் குமாஸ்தாவாக இருந்த சீனியர் வக்கீலின் அக்கா மகன், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன், அதில் விழுந்தான். வீட்டில் இருந்த பித்தளைப் பாத்திரமெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று, பிறகு பையனும் காணாமல் போனான். அவன் திரும்பி வரவே இல்லை. அதன் பிறகு சீனியர் அந்த வகைக் கேஸ் எதையும் எங்கள் ஆபீஸ் படியேற விடவில்லை.

போதைப்பொருளுக்கென்று புதுச் சட்டம் வந்தபோது அவர் அதை ஒரு வரி விடாமல் எனக்கு வாசித்துக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இப்பதான் ஒரு சட்டம் மாதிரி இருக்கு" என்றார். "வருஷக் கணக்குல உள்ள போட்டா தானா பயம் வரும்."

"விக்கிறவனுக்குச் சரி சார்" என்றேன். "குடிக்கிறவனும் அதே கூண்டுலதான ஏறணும்?"

"குடிக்கிறவனுக்குத் தனியா எழுதியிருக்கான். கொஞ்சமா வச்சிருந்து, தன் உபயோகத்துக்குத்தான்னு அவன் காட்டிட்டா, தண்டனை கம்மி."

"அவன்தான் காட்டணுமா?"

"அவன்தான்."

"கைநாட்டு வைக்கிறவன் எப்படி சார் காட்டுவான்?"

"அதுக்குத்தான்யா நாமெல்லாம் இருக்கோம்" என்றார். சொன்ன பிறகுதான் தானே அந்தக் கேஸ்களை விட்டுவிட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

இந்த வாதம் எங்களுக்குள் பல மாதம் நடந்தது. காபி வரும்போது ஆரம்பிக்கும், டம்ளர் காலியானதும் நின்றுவிடும். சாராயக்கடையை அரசாங்கமே ஏலம் விடுகிற ஊரில் நாலு இழுப்புக்கு ஜெயிலா என்பேன் நான். ஒரு தப்பு நடக்கிறது என்பதற்காக இன்னொன்றையும் திறந்துவிடச் சொல்கிறாயா என்பார் அவர். இரண்டு பேரும் ஜெயித்ததில்லை.

ஒரு நாள் காலை வேறு ஒரு சிவில் கேஸுக்காகக் கோர்ட் வராந்தாவில் கட்டோடு நிற்கிறேன். வெள்ளைக் கால்சட்டை தெரிந்தது. சவரிமுத்து. பின்னால் அடுக்குச் சட்டியோடு மதலேன் அம்மா.

"இன்னா தம்பி, கட்டு பெருத்துப்போச்சு, நீ இளைச்சுப்போயிட்ட" என்றார்.

"நீங்க எங்க முசே இங்க?"

"எல்லாம் நம்ம பழைய கச்சேரிதான். மைதானத்துலயே புடிச்சிட்டான். மத்த மூணு பேரும் வரதுக்குள்ள. ஜாமீன்ல வெளிய வந்தேன், இன்னிக்குக் கூப்ட்டாங்க. ஒத்துக்கினு கெளம்பவேண்டியதுதான்."

கட்டைப் பெஞ்சில் வைத்தேன். "இப்ப சட்டம் மாறிடுச்சே முசே, யாரும் சொல்லலியா?"

"இன்ஸ்பெக்டர் ஏதோ சொன்னான். நான் பாக்காத சட்டமா."

"வக்கீல் வெச்சிருக்கீங்களா?"

"ஆமாம்னு சொல்றதுக்கு வக்கீல் எதுக்கு?"

அவரை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். இருந்ததா என்று கேட்டால் ஆமாம் என்று நிறுத்திவிடக்கூடாது, எதற்காக என்பதுதான் இப்போது கேள்வி, விற்கவோ கொடுக்கவோ வைத்திருந்ததாக ஆகிவிட்டால் அபராதத்தோடு போகாது, வருஷக் கணக்கில் உள்ளே இருக்கவேண்டியிருக்கும் என்று. மதலேன் அம்மா அடுக்குச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டார்.

"நான் எங்க வித்தேன்?" என்றார் சவரிமுத்து. "அந்த வாரம் என் முறை. நாலு பேருக்கும் சேத்து வாங்கினேன்."

"அத உள்ள சொல்லாதீங்க."

"ஏன்?"

"நாலு பேருக்குன்னா, கொடுக்குறதுக்கு வெச்சிருந்ததா ஆயிடும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சோத்துத் தட்டுல பக்கத்துல இருக்கவனுக்கு ஒரு கை அள்ளி வெச்சா, ஓட்டல் நடத்துறேன்னு அர்த்தமா?"

 இதற்கு இன்று வரை சட்டத்திடம் சரியான பதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பதில் தேட அப்போது நேரம் இல்லை. டவாலி முதல் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். சவரிமுத்துவின் பெயருக்கு முன் ஏழெட்டு கேஸ்தான் இருக்கும்.

சீனியர் உள்ளே இருந்தார். காதோரம் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். "அந்தக் கேஸ் நம்மகிட்ட கெடையாதுன்னு உனக்குத் தெரியும்ல" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த கூழாங்கல்லை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வராந்தாவுக்கு வந்தார்.

"முசே, நீங்க அத குடிப்பீங்களா?"

"குடிப்பேன்."

"விப்பீங்களா?"

"சீச்சீ."

"உள்ள இந்த ரெண்டு கேள்விதான் நான் கேப்பேன். இந்த ரெண்டு பதில்தான் நீங்க சொல்லணும். பொய் ஒண்ணும் சொல்லவேணாம்."

"அது போதுமா?"

"யாராவது மூணாவது கேள்வி கேக்காத வரைக்கும் போதும்." என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "இந்தச் சட்டம் வேணும்னு சொன்னவன் நான். குடிக்கிறவனுக்குன்னு அதுல ஒரு கதவு வெச்சிருக்கான். அத தெறக்க நானே வரலன்னா அப்புறம் அது வெறும் சுவருதான்யா" என்றார்.

நான் மூச்சு விட்ட நேரத்தில் படிக்கட்டில் டக் டக் என்று சத்தம். நெட்டைக்காரர், காது மந்தமானவர், இருமல்காரர். மூன்று பேரும் சட்டையில் பதக்கம் குத்தியிருந்தார்கள். முன்பெல்லாம் பதக்கம் குத்தி வந்ததில்லை.

"இன்னா இது, ஊர்வலமா?" என்றேன்.

நெட்டைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "சட்டம் பெருசாயிடுச்சாமே, நேத்துதான் கேள்விப்பட்டோம். அவன் ஒருத்தன் தலைல ஏன் எல்லாம்? எங்களுக்கும் சேத்துத்தான் வாங்கினான்னு நாங்களே எழுந்து சொல்லப்போறோம். நாலா பிரிச்சா ஆளுக்குக் கொஞ்சம்தான வரும்."

தம்பிகளே, தங்கைகளே, நான் பார்த்த எத்தனையோ கேஸ்களில் இதைவிட நல்ல மனசோடு யாரும் கோர்ட்டுக்கு வந்ததில்லை. இதைவிட ஆபத்தாகவும் யாரும் வந்ததில்லை. பழைய நாளில் அபராதத்தைப் பிரித்த மாதிரி குற்றத்தையும் பிரித்துவிடலாம் என்று நினைத்தார்கள். பிரித்தால் குறைகிற கணக்கு அது இல்லை. அவர்கள் எழுந்து நின்ற நிமிஷம் சவரிமுத்து நான்கு பேருக்குக் கொடுத்தவராகிவிடுவார், இவர்களும் குற்றவாளிகளாகிவிடுவார்கள். ஒருவர் போகவேண்டிய ஜெயிலுக்கு நான்கு பேர்.

விளக்கிப் பார்த்தேன். நெட்டைக்காரர், "பயந்து வெளிய நிக்கச் சொல்றியா?" என்றார். காது மந்தமானவர், "இன்னா சொல்றான்?" என்று கேட்டார். இருமல்காரர் அவர் காதில், "நம்மள கோழைங்கிறான்" என்று கத்தினார். உள்ளே மாஜிஸ்ட்ரேட்டே நிமிர்ந்து பார்த்திருப்பார். பட்டாளத்துக்காரரிடம் ஆபத்து என்று சொன்னால் அவர் முன்னால் நகருவாரே தவிரப் பின்னால் போகமாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதலேன் அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அடுக்குச் சட்டியைக் கையில் எடுத்தார்.

"மூணு பேரும் கெளம்புங்க. மீன் கொழம்பு ஆறுது."

"அவன் வராம எப்படி மதாம்..." என்று இழுத்தார் நெட்டைக்காரர்.

"அவரு வருவாரு. நீங்க உள்ள போனா வரமாட்டாரு. இந்த மனுஷன் முன்ன ஒரு தடவ சண்டைக்குப் போனப்ப நான் பல வருஷம் வாசலப் பாத்துனு குந்தியிருந்தேன். இன்னொரு தடவ குந்த எனக்கு முட்டி தாங்காது. நடங்க."

மூன்று பேரும் நடந்தார்கள். எந்தக் கர்னலும் அவர்களை அவ்வளவு சீக்கிரம் பின்வாங்க வைத்திருக்கமாட்டார். கடற்கரைப் பக்கம் அவர்கள் முதுகு மறையவும் டவாலி சவரிமுத்துவின் பெயரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது.

சீனியர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டு பதில் வந்தது. அளவு சின்ன அளவுதான் என்பதைக் காட்டினார். கால் காயத்துக்கு ஆஸ்பத்திரியில் பார்த்துவருவதைச் சொன்னார். அரசு வக்கீல் பெரிதாக எதிர்க்கவில்லை. முடிந்தது என்று நினைத்தபோது மாஜிஸ்ட்ரேட் கடைசி பெஞ்சைப் பார்த்தார். ஊருக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆன மனிதர், வருகிறவர் போகிறவர் முகமெல்லாம் அவருக்குத் தெரியும்.

"எப்பவும் கூட மூணு பேர் வருவாங்களே. இன்னிக்கு எங்க?"

மூன்றாவது கேள்வி. சீனியரின் கை கூழாங்கல்மேல் நின்றது. எனக்கு அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சவரிமுத்து விறைப்பாக நின்றபடி, "சாப்பிடப் போயிருக்காங்க ஐயா" என்றார்.

மாஜிஸ்ட்ரேட் அவரைப் பார்த்தார், காலியான பெஞ்சைப் பார்த்தார், சீனியரைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது. பேனாவை எடுத்து, ஒரு அபராதமும் கோர்ட் கலையும் வரை காவலும் என்று எழுதினார். அதாவது சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் எழுந்து போகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டும். அதுதான் ஜெயில்.

சவரிமுத்து அந்தக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். மத்தியானம் நான் கொடுத்த தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டார். கோர்ட் கலைந்ததும் நாங்கள் மூவரும் கடற்கரைக்கு நடந்தோம். அவர்கள் இன்னும் சாப்பிடாமல் அடுக்குச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆறிப்போன மீன் குழம்பை ஐந்து பேரும் சாப்பிட்டார்கள், எனக்கும் சீனியருக்கும் இலையில் வைத்தார்கள். சீனியர் கோட்டை மடித்து மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.  கை கழுவும்போது, "என் அக்கா புள்ளைக்கும் இந்த மாதிரி யாராவது சாப்பாடு கட்டிட்டு வந்து கூட குந்தியிருந்தா..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் நீங்கள் நேற்றுக் கேட்டது கதை இல்லையே, சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்றல்லவா.

அதன் பிறகு அவர்கள் முறை வைத்துக் கஞ்சா வாங்குவதை விட்டுவிட்டார்கள். மதலேன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்து, கொடுத்தபடியே விட்டார்கள். பட்டாளத்துக்காரர்கள் அல்லவா. பெத்தாங் ஆட்டம் முடிந்ததும் கால் வலியும் நெஞ்சு வலியும் மட்டும் மிச்சம் இருந்தது. மைதானத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் சாராயக்கடை. ஏலம் எடுத்த, போர்டு மாட்டிய கடை. அங்கே யாரும் யாரையும் பிடிக்கமாட்டார்கள். முதலில் ஆட்டத்துக்குப் பிறகு போனார்கள், பிறகு ஆட்டத்துக்கு முன்பே போனார்கள், பிறகு ஆட்டமே நின்றுபோயிற்று. முதலில் கண்ணை மூடியவர் நெட்டைக்காரர். ஈரல் கெட்டுப்போனது என்றார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் எங்கள் சீனியரும் ஒருவர்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தக் கடை வழியாக வந்தேன். எதிர் ஓரத்தில் மதலேன் அம்மா நின்றிருந்தார். கையில் அதே அடுக்குச் சட்டி. உள்ளே சவரிமுத்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அன்று மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை இல்லை.

"கூப்ட்டுப் பாத்தீங்களாம்மா?" என்றேன்.

"கூப்ட்டேன். வரேன்றாரு" என்றார்.  "அன்னிக்குக் கோர்ட்டுல இருந்து மூணு பேர ஒரே சொல்லுல கெளப்பிக் கொண்டாந்தேன். அங்க ஒரு வாசல் இருந்துது தம்பி, உள்ள போனா தப்பு, வெளிய வந்தா பொழப்புன்னு சொல்றதுக்கு. இங்க இன்னா சொல்லி எழுப்புறது? இதுல தப்பே இல்லன்னு எழுதி வெச்சிருக்காங்களே."

அக்கா மகனை இழந்த சீனியரும் சட்டத்தைப் பற்றித்தான் பேசினார், இந்த அம்மாவும் சட்டத்தைப் பற்றித்தான் கேட்டார். இரண்டு பேரில் ஒருவருடைய கவலையை மட்டும் வைத்துக்கொண்டு நேற்று நீங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றீர்கள். கூண்டில் ஏறுகிறவர் யாரோடு உட்கார்ந்து குடித்தார், யார் அவருக்குச் சாப்பாடு எடுத்து வருகிறார்கள் என்று தெரியாமல் எந்தக் கேஸ் கட்டையும் பிரிக்காதீர்கள் என்பது மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

அன்று நானும் அந்த அம்மா பக்கத்தில் நின்றேன். விளக்குப் போட்டார்கள். உள்ளேயிருந்து சவரிமுத்து எங்களைப் பார்த்தார், கையைத் தூக்கி இதோ வருகிறேன் என்று காட்டினார். மதலேன் அம்மா சட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.